மூடியது போலத் தெரிந்தால் போதாது: விமான மேல்பெட்டிக்கு லாட்ச் வடிவமைக்கும் வழி

விமானம் நகர்வதற்கு முன் பணியாளர் ஒருவர் நடைபாதையில் போய்க்கொண்டே, தலைக்கு மேலுள்ள பெட்டிகளை உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு லாட்சை, அதாவது கதவைப் பிடித்துப் பூட்டும் கொக்கி அமைப்பை, வரைந்தவர் மேல்தான் கோபம் வரும். பூட்டியிருக்கிறதா இல்லையா என்று பார்த்தவுடனே தெரிந்தால் அவர் ஏன் தட்டப்போகிறார்?

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் மாதத்தைக் கொக்கியைத் தடிமனாக்குவதிலேயே கழிக்கிறார்கள். நானும் அப்படித்தான் கழித்தேன். கொக்கி முறிந்து பை விழுவது அரிது. கொக்கி மாட்டாமலே கதவு மூடியது போல நிற்கும். அல்லது மாட்டியிருந்த கொக்கி அழுத்தம் வந்ததும் நழுவும். உங்கள் நேரத்தில் பெரும்பகுதி இந்த இரண்டுக்கும் போக வேண்டும்.

முதலில், எந்த வகைப் பெட்டி?

இரண்டு வகை உண்டு. ஒன்று, அலமாரி வகை. பெட்டி அசையாது, கதவு மட்டும் மேல்நோக்கித் திறக்கும். கீல் மேலே, லாட்ச் கதவின் கீழ் விளிம்பில். பைகளின் எடையைப் பெட்டியின் தரை தாங்கிக்கொள்வதால், சாதாரண நேரத்தில் லாட்சுக்குப் பெரிதாக வேலை இல்லை. சாய்ந்து நிற்கும் பை கதவை நெம்பினால்தான் உண்டு.

மற்றொன்று, தொட்டி வகை. பைகளோடு சேர்ந்து தொட்டியே கீழே சுழன்று இறங்கும். போயிங் 777-இலும் 737-இன் புதிய உட்புறங்களிலும் பார்க்கலாம். இங்கே பைகளின் எடை எப்போதும் தொட்டியைத் திறக்கப் பார்க்கிறது. லாட்சுக்கு ஓய்வே கிடையாது.

40 கிலோ சாமான், அதன் எடைமையம் சுழலச்சிலிருந்து கிடையாக 100 மி.மீ. தள்ளி, லாட்ச் அதே சுழலச்சிலிருந்து 350 மி.மீ. தொலைவில் என்று வைத்துக்கொள்வோம். விமானம் தரையில் சும்மா நிற்கும்போதே லாட்ச் மேல் சுமார் 112 நியூட்டன் இருக்கும். பயணி கைப்பிடியை இழுக்கும்போது இந்தச் சுமையோடு உரசிக்கொண்டுதான் கொக்கி விலகும். தேய்மானம் அங்கேயே ஆரம்பம். ஆகவே அலமாரி வகைக்கு வரைந்த லாட்சை எடுத்துத் தொட்டி வகையில் மாட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால், சரி என்று தலையாட்டிவிடாதீர்கள்.

சுமைக் கணக்கு

பெரிய பயணிகள் விமானங்களுக்கான அமெரிக்க விதித்தொகுப்பின் பார்ட் 25, ஐரோப்பாவின் சிஎஸ்-25 இரண்டும் இதில் ஒன்றுபோலத்தான். அவசரத் தரையிறக்கத்துக்கான 25.561 பிரிவைத் திறந்தால் எண்கள் கிடைக்கும் (1ஜி என்றால் பொருளின் சொந்த எடைக்குச் சமமான விசை): முன்னோக்கி 9ஜி, கீழ்நோக்கி 6ஜி, மேல்நோக்கி 3ஜி, பக்கவாட்டில் 3ஜி, பின்னோக்கி 1.5ஜி. ஒவ்வொன்றும் தனித்தனியாக வருவதாகக் கொள்ள வேண்டும். இவை உச்சச் சுமைகள். மேலே பாதுகாப்புக் காரணியாக இன்னொரு 1.5 போட்டுப் பெருக்க வேண்டியதில்லை. 1988-இல் விதி திருத்தப்படுவதற்கு முன் பக்கவாட்டு எண் 1.5ஜி, கீழ்நோக்கி 4.5ஜி. பழைய ரக விமானத்துக்கு மாற்றுப் பெட்டி செய்கிறீர்கள் என்றால், அந்த ரகம் எந்தத் திருத்தத்தின்படி சான்று பெற்றது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அலமாரிக் கதவுக்கு 3ஜி பக்கவாட்டுச் சுமைதான் நேரடி எதிரி. பெட்டியில் ஒட்டியிருக்கும் எடை அறிவிப்பு 40 கிலோ என்றால் 40 × 9.81 × 3, அதாவது சுமார் 1,180 நியூட்டன். பைகள் கீழே கிடப்பதால் அழுத்தம் கதவின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் விழுவதாகக் கொண்டால், மூன்றில் இரண்டு பங்கை லாட்ச் பக்கம் தாங்கும். கிட்டத்தட்ட 785 நியூட்டன்.

கதவின் இரண்டு ஓரத்திலும் லாட்ச் இருக்கிறதே, ஆளுக்குப் பாதி என்று பிரிக்கத் தோன்றும். பிரிக்காதீர்கள். பைகள் பெட்டியின் ஒரு மூலையில் குவிந்திருக்கலாம். இரண்டு கொக்கிகளும் ஒரே நொடியில் சுமையைத் தொடும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. ஒவ்வொரு லாட்சும் முழு 785-ஐயும் தனியாகத் தாங்கட்டும். இணைப்புப் பாகங்களுக்கான 1.15 காரணியையும் சேர்த்தால் 900 சொச்சம் நியூட்டன். ஒரு சின்ன எஃகுக் கொக்கிக்கு இது சாதாரணம். கொக்கி முறிவது அரிது என்று நான் சொன்னது இதனால்தான்.

25.787 பிரிவையும் படித்துவிடுங்கள். சாமான் நகர்ந்து ஆபத்தாகாமல் தடுப்பது லாட்ச் வைத்த கதவு என்றால், பயன்பாட்டில் வரும் தேய்மானத்தையும் சீர்கேட்டையும் வடிவமைப்பு கணக்கில் எடுக்க வேண்டும் என்று அது நேராகவே சொல்கிறது. புது லாட்ச் தேர்ச்சி பெறுவது பெரிய விஷயமில்லை என்பதைத்தான் விதி சட்ட மொழியில் சொல்கிறது.

கொக்கியின் முகம்

கணினி வரைபடத் திரையில் கொக்கியை வரையும்போது முதலில் ஒரு கோடு போடுங்கள்: கொக்கியும் ஸ்ட்ரைக்கரும் (கொக்கி மாட்டிக்கொள்ளும் எதிர்த்துண்டு) தொடும் இடத்தில், தொடும் முகத்துக்குச் செங்குத்தாக. அந்தக் கோடு கொக்கியின் சுழலச்சு வழியாகப் போனால், கதவு எவ்வளவு அழுத்தினாலும் கொக்கி சுழலாது. கோடு திறக்கும் பக்கமாக விலகினால், அழுத்தமே கொக்கியைத் திறக்கும். உராய்வு பிடித்துக்கொள்ளும் என்று நம்ப வேண்டாம். பராமரிப்பில் யாராவது கிரீஸ் தடவுவார்கள், அல்லது மேலேயுள்ள பையிலிருந்து தேங்காய் எண்ணெய் கசியும். உராய்வைப் பூஜ்யமாக வைத்துக் கணக்குப் போட்டாலும் கொக்கி நிற்க வேண்டும்.

முகத்தை இரண்டு மூன்று டிகிரி உட்பக்கமாகச் சாய்த்தால் சுமை வர வர கொக்கி இன்னும் இறுகும். நல்லதுதான், ஆனால் அளவோடு. சாய்வு கூடினால் திறக்கும்போது கதவை முதலில் உள்ளே தள்ளித்தான் கொக்கியை விடுவிக்க முடியும். நிறைந்த தொட்டியில் இது கைப்பிடியை இழுக்கவே முடியாத நிலைக்குக் கொண்டுபோகும். அப்புறம் பயணி கைப்பிடியில் தொங்குவார்.

கவ்வும் ஆழம்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

கொக்கி ஸ்ட்ரைக்கர் மேல் எத்தனை மில்லிமீட்டர் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்பதே கவ்வும் ஆழம். வரைபடத்தில் 6 மி.மீ. இருக்கிறது, தாராளம் என்று தோன்றும். இப்போது கழித்துக்கொண்டே வாருங்கள். தேன்கூட்டுப் பலகையில் (நடுவில் தேன்கூடு போன்ற அறைகள் கொண்ட லேசான பலகை) வார்த்த பெட்டி, கதவு இரண்டின் டாலரன்ஸ், அதாவது அளவில் அனுமதித்த விலகல், 1 மி.மீ. கீல் ஆட்டம் 0.5. பொருத்துபவர் விடும் பிழை 0.5. ஆயுட்காலத் தேய்மானம் 1. சுமை வந்ததும் கதவின் கீழ் விளிம்பு வெளியே வளைவதும், பெட்டியின் உதடு கீழே தொங்குவதும் சேர்ந்து 2. மீதி 1 மி.மீ. கொக்கி முனையின் வளைவு ஆரம் 0.8 என்றால், உண்மையில் கையில் இருப்பது 0.2 மி.மீ. இவையெல்லாம் உதாரண எண்கள்தான். உங்கள் பெட்டிக்கு உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். முதல் முறை போடும்போது கொஞ்சம் வியர்க்கும்.

டாலரன்ஸ்களை வர்க்கமூலக் கூட்டல் முறையில் (ஒவ்வொன்றையும் வர்க்கமாக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுப்பது) கூட்டினால் கணக்கு அழகாக வரும். இந்த இடத்தில் அதை நான் ஏற்பதில்லை. ஒரு விமானத்தில் எத்தனையோ பெட்டிகள். அவற்றில் மோசமான ஒன்றின் கீழே உட்கார்ந்திருப்பவருக்குச் சராசரியால் என்ன லாபம்? நேர்க்கூட்டலே போடுங்கள்.

முன்னோக்கிய 9ஜி-யைக் கதவு லாட்ச் தாங்க வேண்டியதில்லை, பெட்டியின் பக்கச் சுவர்கள் பார்த்துக்கொள்ளும் என்று பலரும் அந்தச் சுமைநிலையை விட்டுவிடுகிறார்கள். சுமை வராது, உண்மை. ஆனால் பெட்டி அப்போது சதுரமாக இருக்காது. தீப்பெட்டியின் வெளிக்கூட்டை விரலால் சாய்ப்பது போலச் சரியும். கதவு ஒரு பக்கமும் ஸ்ட்ரைக்கர் ஒரு பக்கமுமாகச் சில மில்லிமீட்டர் நீளவாக்கில் விலகும். ஸ்ட்ரைக்கர் குறுகலாக இருந்தால் கொக்கி அதன் ஓரம் வழியாக இறங்கிவிடும். இதனால் ஆழத்தோடு ஸ்ட்ரைக்கரின் அகலத்தையும் பாருங்கள். இரண்டு கொக்கிகளையும் இணைக்கும் 1.2 மீட்டர் நீள அலுமினியத் தண்டும் கண்ணாடி இழைப் பலகையும் 50 டிகிரி வெப்ப மாற்றத்தில் ஒன்றுக்கொன்று அரை மில்லிமீட்டருக்கு மேலேயே விலகிவிடும். அதையும் இந்தக் கணக்கில் சேருங்கள்.

1989 ஜனவரி 8 அன்று இங்கிலாந்தில் கெக்வர்த் அருகே ஒரு போயிங் 737-400 சாலையோரக் கரையில் மோதியது. 126 பேரில் 47 பேர் இறந்தார்கள். தலைக்கு மேலிருந்த பெட்டிகளில் கிட்டத்தட்ட எல்லாமே கழன்று பயணிகள் மேல் விழுந்திருந்தன. பெட்டியே கழன்றது என்பது லாட்சைத் தாண்டிய பிரச்சினை. ஆனாலும், மோதும்போது உடற்கூடு எப்படியெல்லாம் நெளியும் என்பதை நிலையான சுமைக் கணக்கு மட்டும் காட்டாது என்று அதற்குப் பிறகு யாரும் மறுக்கவில்லை. நம் கவ்வும் ஆழத்தில் கொஞ்சம் உபரி வைக்கச் சொல்வதும் அதனால்தான்.

பொய் சொல்லாத லாட்ச்

அலமாரிக் கதவைத் தூக்கி நிறுத்த வாயு ஸ்பிரிங் இருக்கும். பாதிக்கு மேல் திறந்தால் அது மேலே தூக்கும். பெரும்பாலும், ஒரு கோணத்துக்குக் கீழே வந்ததும் கதவின் எடை அதை மிஞ்சி, கதவு தானாகவே மூடிக்கொள்ளும். பயணிக்கு இது வசதி. ஆனால் கொக்கி மாட்டாவிட்டாலும் கதவு சமர்த்தாக மூடியே நிற்கும். மூன்றடி தள்ளி நிற்பவருக்கு வித்தியாசமே தெரியாது. விமானம் குலுங்கும்போதுதான் தெரியும்.

தொட்டி வகையிலும் இதே கதைதான். எடையைச் சமன் செய்யும் உதவி ஸ்பிரிங் நன்றாக இருந்தால், பாதி நிறைந்த தொட்டி கொக்கி இல்லாமலே மேலே நிற்கும். கதவு கடகடக்காமல் இருக்கப் போடும் ரப்பர் பட்டையும் இந்தக் கூட்டுச் சதியில் சேரும்: உராய்வால் கதவைப் பிடித்து வைத்துக்கொண்டு மூடியது போலக் காட்டும்.

செய்ய வேண்டியது இது. கொக்கி முழுதாக மாட்டாத எந்த நிலையிலும் கதவு 15, 20 மில்லிமீட்டராவது வெளியே துருத்தி நிற்க வேண்டும். அதற்கு ஒரு சின்னத் தள்ளு ஸ்பிரிங் போதும். மூடும் விசை கொஞ்சம் கூடும். உட்புற அழகு பார்க்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள். இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அடுத்து, நிறக் குறி. பூட்டாதபோது சிவப்பு தெரிகிற சின்ன ஜன்னலை எல்லோரும் வைக்கிறார்கள். அந்தக் குறியை எது நகர்த்துகிறது என்று வரைபடத்தில் விரல் வைத்துப் பாருங்கள். பல வடிவமைப்புகளில் அது கைப்பிடியோடு இணைந்திருக்கும். கைப்பிடி தன் இடத்துக்குத் திரும்பிவிட்டது என்பதற்கு, கொக்கி ஸ்ட்ரைக்கரைப் பிடித்துவிட்டது என்று பொருள் கிடையாது. ஸ்ட்ரைக்கருக்கு முன்னாலேயே கொக்கி காற்றில் இறங்கியிருக்கலாம். குறியை ஸ்ட்ரைக்கரே தள்ளட்டும்: அது கொக்கிக்குள் வந்து உட்கார்ந்தால் மட்டும் சிவப்பு மறையும்படி செய்யுங்கள். சிவப்பு பச்சை பிரித்துப் பார்க்க முடியாதவர்களும் பணியில் இருப்பார்கள். நிறத்தை மட்டும் நம்பாமல், குறி கொஞ்சம் வெளியே புடைத்தும் நிற்கட்டும். இரவு விமானத்தில் விளக்கைக் குறைத்த பிறகும் தெரிகிறதா என்று மாதிரியில் நின்று பாருங்கள்.

ஒரு கைப்பிடி, இரண்டு கொக்கி

நடுவில் கைப்பிடி, இரண்டு ஓரத்திலும் கொக்கி, இடையில் ஒரு முறுக்குத் தண்டு. வழக்கமான ஏற்பாடு இதுதான். பயணி கதவை நடுவில் தள்ளமாட்டார். தனக்குக் கிட்டே இருக்கிற மூலையைத்தான் தள்ளுவார். அந்த மூலை மாட்டும், மறு மூலை ஸ்ட்ரைக்கர் மேலேயே உட்கார்ந்துகொள்ளும். தண்டு விறைப்பாக இருந்து இரண்டு கொக்கிகளும் ஒன்றாகவே அசைந்தால், ஒன்று மாட்டாதபோது மற்றொன்றும் மாட்டாது. கதவு துருத்திக்கொண்டு நின்று உண்மையைச் சொல்லிவிடும். மெல்லிய தண்டு முறுக்கிக்கொண்டு ஒரு பக்கத்தை மாட்டவிடும். இரண்டு கொக்கிகளும் தனித்தனி ஸ்பிரிங்கில் இயங்கும் ஏற்பாடு என்றால், சிவப்புக் குறியும் இரண்டு பக்கமும் தனித்தனியாக வேண்டும். நடுவில் ஒன்று போதும் என்று செலவைக் குறைத்த ஒரு மாதிரியை நான் பார்த்திருக்கிறேன். இடது கொக்கி திறந்தே இருக்க, குறி நல்லபிள்ளையாக வெள்ளை காட்டியது.

கைப்பிடியின் எடை

கைப்பிடிக்கும் நிறை உண்டு என்பது பலருக்கும் சோதனைக்கூடத்தில்தான் நினைவுக்கு வருகிறது. 80 கிராம் கைப்பிடி, எடைமையம் அதன் அச்சிலிருந்து 25 மி.மீ. தள்ளி என்றால், 6ஜி-யில் 0.12 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை பிறக்கும். அந்தத் திசை திறக்கும் திசையாக இருந்து, ஸ்பிரிங் அதைவிடத் தளர்வாக இருந்தால், யாரும் தொடாமலே கைப்பிடி தானே தன்னை இழுத்துக்கொள்ளும். ஐந்து திசைச் சுமைக்கும் இதைப் போட்டுப் பாருங்கள். ஸ்பிரிங்கை இரண்டு மடங்கு வைக்கலாம், அல்லது எடைமையம் அச்சுக்கு அருகில் வரும்படி கைப்பிடியின் வடிவத்தை மாற்றலாம். இரண்டாவதுதான் எனக்குப் பிடிக்கும். ஸ்பிரிங் காலப்போக்கில் தளரும், எடைமையம் நகராது.

அப்புறம், விமானம் குலுங்கும்போது நடைபாதையில் நிற்பவர் கை எட்டுகிற எதையும் பிடிப்பார். கைப்பிடி துருத்திக்கொண்டு இருந்தால் அதைத்தான் பிடிப்பார். அதைக் கதவோடு மட்டமாக உள்ளே வையுங்கள். பிடித்துத் தொங்க வேறு விளிம்பு கொடுங்கள்.

பொருளும் திருகும்

இங்கே அதிகம் சொல்ல இல்லை. கொக்கிக்கும் ஸ்ட்ரைக்கருக்கும் துருப்பிடிக்காத எஃகு, உறைக்கு அலுமினியம் அல்லது தீப்பற்றும் சோதனையில் தேறிய பொறியியல் பிளாஸ்டிக். எஃகும் அலுமினியமும் நேராகத் தொடும் இடத்தில் அரிப்பு வரும். இடையில் பூச்சோ வளையமோ வேண்டும். பெட்டியின் வெளிப்பரப்புக்கு 25.853-இன் வெப்ப வெளியீட்டு வரம்பு உண்டு என்பதால், அலங்காரத்துக்காகப் பெரிய பிளாஸ்டிக் மூடி சேர்க்கும் முன் தீப்பாதுகாப்புக் குழுவிடம் கேளுங்கள்.

தேன்கூட்டுப் பலகையில் திருகை நேராக முறுக்க முடியாது. பசை நிரப்பிய செருகு வேண்டும், அந்தச் செருகைப் பிடுங்கும் விசை லாட்சின் வலிமையைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். ஸ்ட்ரைக்கரை நகர்த்திச் சரிசெய்ய நீள்துளை வைத்தால், கூடவே பல்வெட்டு போட்ட தகடும் வையுங்கள். வெறும் திருகு இறுக்கத்தை நம்பினால் அதிர்வில் மெல்ல நகரும். நீங்கள் பார்த்துப் பார்த்துச் சேமித்த கவ்வும் ஆழம் அப்படியே போய்விடும்.

சோதனையை எந்த வரிசையில் செய்வது

ஒரு நாளைக்கு ஆறு பயணம், ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டி நான்கு முறை திறக்கும் என்று கொண்டால் 24. வருடத்துக்கு 350 நாள் என்றால் 8,400. பன்னிரண்டு வருடத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டும். அத்தனை முறை திறந்து மூடும் இயந்திரத்தில் லாட்சை மாட்டுங்கள். காலிப் பெட்டியோடு ஓட்டாதீர்கள், முழுச் சுமையோடு ஓட்டுங்கள். இடையிடையே மூலையில் தள்ளி மூடுவது, ஓங்கி அறைவது, மெல்ல விடுவது எல்லாம் வரட்டும். ஓங்கி அறையும்போது கொக்கி இறங்குவதற்குள் கதவு துள்ளி வெளியே வந்துவிடும். மெல்ல விட்டால் ஸ்ட்ரைக்கர் மேலேயே உட்காரும். இரண்டு குறையும் வேறு வேறு, இரண்டையும் பிடிக்க வேண்டும். கம்பளத் தூசி, காய்ந்த பழச்சாறு போன்றவற்றையும் பூசிப் பாருங்கள். பையின் நாடா நடுவில் சிக்கினால் சிவப்பு தெரிகிறதா என்றும் பாருங்கள்.

அதே லாட்சை, துடைக்காமல், சரிசெய்யாமல், நேராக உச்சச் சுமைச் சோதனைக்குக் கொண்டுபோங்கள். சுமையைக் குறைந்தது 3 நொடி தாங்க வேண்டும் என்பது விதி. புதிய லாட்சைச் சுமையேற்றி அறிக்கை எழுதிவிட்டு, தேய்மானச் சோதனையைத் தனியாக வேறொன்றில் செய்வது சுலபம், நேரமும் மிச்சம். ஆனால் தேய்ந்த பிறகு தாங்குமா என்ற கேள்விக்கு அது பதில் ஆகாது. சுமையேற்றும்போது விசையை மட்டும் பதிவு செய்யாமல், கொக்கி முனையில் ஒரு கேமரா வைத்துக் கவ்வும் ஆழம் எவ்வளவு குறைகிறது என்று பதிவு செய்யுங்கள். வளைவுக்கு நீங்கள் போட்ட 2 மி.மீ. சரியா என்பது அப்போதுதான் தெரியும். கடைசியாக, ஒரு லாட்சை வேண்டுமென்றே திறந்து வைத்துவிட்டு மற்றொன்றை மட்டும் நம்பி இன்னொரு முறை ஏற்றுங்கள். விதி இதைக் கேட்காவிட்டாலும் நீங்கள் கேளுங்கள்.

பராமரிப்புக் கையேட்டுக்கு ஒரு அளவுகோல்

தேய்மானத்துக்கு 1 மி.மீ. ஒதுக்கினோம் இல்லையா? அது தீர்ந்துவிட்டது என்று இரவு இரண்டு மணிக்கு ஹேங்கரில் நிற்கும் டெக்னீஷியனுக்கு எப்படித் தெரியும்? "தேய்மானம் அதிகமானால் மாற்றவும்" என்று எழுதினால் அவரவர் கண்ணுக்கு அவரவர் அளவு. கொக்கி வாயில் நுழைத்துப் பார்க்கிற ஒரு தட்டை அளவுகோலை லாட்சோடு சேர்த்தே வடிவமைத்துக் கொடுத்துவிடுங்கள்: நுழைந்தால் மாற்று, நுழையாவிட்டால் விடு. அதற்கும் ஒரு பாக எண் கொடுத்து, கையேட்டில் எத்தனை மாதத்துக்கு ஒரு முறை என்றும் எழுதுங்கள். அளவுகோலில் சின்னதாக ஒரு துளை போட மறக்காதீர்கள், சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்வார்கள்.